சேற்றுக்காரியின் சிரிப்பு

பிப்ரவரி 9, திங்கள்

ஐந்தாவது சிலைக்கு மரம் வந்து இறங்கியது. போன வருடப் புயலில் சாய்ந்த தேக்கு. இரண்டு ஆள் உயரம், எங்கேயும் ஒரு வெடிப்பு இல்லை. லாரிக்காரர், "இதுல எத்தனை கட்டில் போடலாம்!" என்று பெருமூச்சு விட்டார். கட்டிலும் கதவும் செய்து செய்து என் கைக்கு அலுத்துவிட்டது. பதினெட்டு வருடம் அண்ணன் பட்டறையில் நான் செதுக்கிய கதவெல்லாம் அண்ணன் பெயரில்தான் வெளியே போயின. வனத்துறை போடும் இந்தக் காட்டு நடைபாதையில் மட்டும் ஒவ்வொரு சிலைக்குக் கீழும் என் பெயர்ப் பலகை. ஒப்பந்தத்தில் அதைத்தான் முதல் வரியாக எழுத வைத்தேன்.

மொத்தம் ஐந்து சிலைகள். எல்லாம் இந்தக் காட்டைச் சுற்றி இருப்பவர்கள் சொல்லும் கதைகளில் வருகிறவர்கள். ஒற்றைக் கண்ணன், பாதம் பின்னால் திரும்பியவன், கல்லெறியும் குள்ளன், மனிதக் குரலில் அழும் பறவை. நான்கும் முடிந்தாயிற்று, நான்கும் பிரமாதம். என் வாயால் நானே சொல்லக் கூடாதுதான். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பிப்ரவரி 11

கடைசி, சேற்றுக்காரி. வனக் காவலர் இடத்தைக் காட்டினார். பாதை வளைகிற இடத்தில் ஒரு குட்டை. பாசி மூடி, பார்த்தால் புல்தரை மாதிரியே இருக்கிறது. அவர் ஒரு நீளக் கழியை விட்டார். கை பிடித்த இடம் வரை உள்ளே போனது.

"கிட்ட வர்ற காலைப் பிடிச்சு உள்ள இழுத்துருவாளாம்மா. நல்லா பயங்கரமா செய்யுங்க" என்றார்.

கூட வந்த வன அதிகாரி ஒரே போடாகப் போட்டார்: "பயங்கரமெல்லாம் வேணாம். குடும்பமா வர்றவங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கணும்."

நான் அதிகாரி கட்சி. அவர் அதிகாரி என்பதால் இல்லை. கோரைப்பல் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். அழகாக இருந்தால்தானே ஒருத்தி ஆளை இழுக்க முடியும்?

பிப்ரவரி 28

பதினோரு நாள் மல்லுக்கட்டிய பிறகு இன்று சிரித்தாள். வலது கையை முன்னால் நீட்டி, "வா, பிடிச்சுக்கோ" என்பது போல. என் கையா இதைச் செய்தது?

மார்ச் 14

நட்டாயிற்று. "பாதையோரமாவே வெச்சிடலாமேம்மா" என்றார் காவலர். முடியாது என்றேன். தண்ணீரின் விளிம்பில், பாசிக்குள்ளிருந்து எழுந்து வருகிறாற்போல் நின்றால்தான் அழகு. பிடித்த பிடியில் நின்றேன். வைத்தார்கள்.

மார்ச் 20

பேப்பரில் படம்! கீழே என் பெயர், எழுத்துப் பிழை இல்லாமல். பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட "நல்லா இருக்கு" என்று சொல்லாத அண்ணன், அதை வெட்டிக் கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டார். வருகிற ஆளையெல்லாம் பிடித்து நிறுத்தி, "என் தங்கச்சி" என்கிறார். தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 27

எழுதிவிட வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு நானே ஏதாவது சாக்குக் கண்டுபிடித்துவிடுவேன்.

திறப்புக்கு முன்னால் இன்று ஒத்திகை நடை. பள்ளியிலிருந்து இருபது பிள்ளைகள், ஒரு டீச்சர். நான் கடைசியில் நடந்தேன். வளைவில் ஒரு சிறுமி, ஐந்து வயது இருக்கும், பாதையோரம் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்து நேராகப் போனாள். ஓடக்கூட இல்லை. சிலையின் கையைப் பிடிக்கத் தன் கையை நீட்டிக்கொண்டே நடந்தாள். மூன்றாவது அடியில் இடுப்பு வரை போய்விட்டாள்.

காவலர் குப்புற விழுந்து ஊர்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஒரு செருப்பு உள்ளேயே போய்விட்டது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை.

டீச்சர்தான் அழுதார். "ஏம்மா அங்க போன?"

"அந்த அக்கா கூப்பிட்டாங்க, அதான்."

யாரு கூப்பிட்டது? நான்தானே? அந்தக் கையை நீட்டி வெச்சது நான்தானே? காவலர் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை சொன்னாரு, காதுல வாங்கினியா நீ? ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்ல வந்த கதை அது. காலங்காலமா பிள்ளைங்களை விரட்டிட்டு இருந்தவளை நான் கூப்பிட வெச்சுட்டேன். பேப்பர்ல படம் வேற.

மார்ச் 28

உளியைத் தொடவில்லை.

மார்ச் 31

அதிகாரி கூட்டிப் பேசினார். "வேலி போட்டுடலாம். சிலையில மட்டும் கை வெக்காதீங்க. அதைப் பாக்கத்தான் ஜனங்க வரப்போறாங்க."

வேலி போடட்டும், வேண்டியதுதான். ஆனால் அந்தப் பக்கம் ஒருத்தி சிரித்துக் கை நீட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பக்கம் நிற்கும் பிள்ளை வேலியில் ஏறாதா? நானாக இருந்தால் ஏறியிருப்பேன்.

முகத்தை மாற்றப்போகிறேன். யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கின யானை அங்கேயே படுத்துக்கொள்வதில்லை.

ஏப்ரல் 2

அண்ணனிடம் சொன்னேன். "உன் பேர்ல வந்த மொத வேலை. யாராவது உன்னைக் குத்தம் சொன்னாங்களா? நீயா ஏன் போய் வெட்டிக்கிற?"

"யாராவது சொன்னாத்தான் செய்யணுமாண்ணே?"

அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

புது முகத்துக்குக் கோரைப்பல் வைத்துப் படம் வரைந்தேன். அண்ணன் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது கொட்டாவி விடுதா?" என்றாள். ஏழு வயசு வாய்! இன்னும் மூன்று முகம் வரைந்தேன். மூன்றுக்கும் சிரித்தாள்.

ஏப்ரல் 3

மானத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் காவலரிடம் போய்க் கேட்டேன்: சின்ன வயதில் எதற்காக அவளைக் கண்டு பயந்தீர்கள்?

யோசித்தார். "அவளுக்குக் கண்ணு கிடையாதும்மா. சேறு அடைச்சுப் போச்சு. காலடிச் சத்தம் கேட்டுத்தான் தேடி வருவா. அதனால நாங்க மூச்சுக்கூட விடாம நடப்போம்."

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கவே இல்லையேம்மா" என்றார். உண்மைதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் பையைத் திறந்தால், உளி எல்லாம் தீட்டியிருக்கிறது. அடுத்தவர் உளியை அண்ணன் தொடவே மாட்டார். ஒன்பது உளியும் மயிரைச் சீவும் கூர்மை.

சேற்றின் மேல் பலகை போட்டு நின்று வேலை செய்தேன். பதினோரு நாளில் வந்த சிரிப்பு முக்கால் மணி நேரத்தில் போய்விட்டது. அழுதேன், அதில் என்ன வெட்கம்? காவலர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவள் கண்களைச் சேறு அடைத்தாற்போல் மூடினேன். கூந்தலைச் செதுக்கி ஒதுக்கி, பாதைப் பக்கமாக ஒரு காதை வெளியே எடுத்தேன். கடைசியாகக் கையை வெட்டிவிடலாம் என்று ரம்பத்தோடு பாதைக்கு வந்து பார்த்தேன். வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. கண் போனதும் அதே கை துழாவுகிறது. நானே ஒரு அடி பின்னால் வைத்தேன்.

அழகாக்குவதை விட இது கஷ்டம். இதுவும் எனக்கு வருகிறது!

ஏப்ரல் 6

அதிகாரி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"பலகையில யார் பேரு சார் இருக்கு?"

விளம்பர அட்டையில் இப்போது ஒற்றைக் கண்ணன் படம். போகட்டும், அவனும் என் பிள்ளைதான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

திறப்பு நாள். நல்ல கூட்டம். ஒற்றைக் கண்ணனோடு போட்டோ எடுக்க வரிசை நின்றது. குள்ளன் தலையில் யாரோ தொப்பி மாட்டிவிட்டார்கள்.

நான் வளைவில் போய் நின்றுகொண்டேன். பிள்ளைகள் காச்சுமூச்சென்று கத்திக்கொண்டு வந்தார்கள். காவலர் விரலை உதட்டில் வைத்து, "அவளுக்குக் கண்ணு தெரியாது. காது மட்டும்தான்" என்றார். அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் கப்சிப். ஒருவர் பின் ஒருவராக, குட்டைக்கு எதிர் ஓரமாக ஒட்டி, நுனிக்காலில் நடந்தார்கள். ஒருவன் கன்னத்தை உப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு போனான். வேலியை ஒருவரும் தொடவில்லை. போட்டோவும் எடுக்கவில்லை.

மத்தியானம் ஒரு பெண் நேராக என்னிடம் வந்தார். இடுப்பில் பையன். அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பவே மறுத்தான்.

"ஏங்க, குழந்தைங்க வர்ற இடத்துல இப்படியா செஞ்சு வெப்பாங்க? யாருங்க இதைச் செஞ்சது?"

"நான்தாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "இனிமே இவன் அந்தக் குட்டை இருக்கிற திசைக்கே வர மாட்டான், தெரியுமா?"

"ரொம்ப சந்தோஷம்ங்க" என்றேன்.