பித்தளை கலந்த விளக்குக் கூடு

சைதாப்பேட்டை,
12 ஜூன் 1946

அன்புள்ள குல்சும், அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் வார்த்த விளக்குக் கூடுகள் அரித்துப் போனதற்குக் கடல் மட்டும் காரணமல்ல, உலோகத்தில் செம்பும் இரும்பும் கலந்திருக்கின்றன என்று சோதனைக்கூடத்து ரசாயன நிபுணர் இன்று எழுதியே கொடுத்துவிட்டார். நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் பட்டறையில் பழைய போர் விமானச் சக்கரங்களை உருக்கி, மீனவர்களுக்கு மக்னீசியத்தில் விளக்குக் கூடு வார்க்கிறோம். முதலாளி அவசரப்படுத்தியதால், சக்கரத்தின் நடுத்துளையில் இருந்த, செம்பு கலந்த பித்தளை வளையமான புஷ்ஷையும் இரும்பு போல்ட்டையும் கழற்றாமலே உலையில் போட்டோம். ஊரூர் குப்பத்து லூர்துசாமி பொத்தலாகிப்போன கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னா நைனா, நான் வெளக்கு வாங்கினனா, கற்பூரம் வாங்கினனா? கரைஞ்சிகினே கீது!”

மீதிக் கூடுகளுக்குப் பெயிண்ட் அடித்து விற்கச் சொன்னார் முதலாளி. முடியாது என்றேன்.

“அப்போ வேற வேலை பாத்துக்கோ.”

“புஷ்ஷைக் கழற்றிட்டு வார்த்ததையும் கழற்றாம வார்த்ததையும் ஒரே கடல்ல கட்டிப் பாருங்க. அப்புறம் என்னை வேலையை விட்டு அனுப்புங்க” என்றேன். புஷ்ஷைக் கழற்றி ஒன்று வார்த்துக் கொடுத்தேன்; லூர்துசாமி இரண்டையும் குப்பத்துக் கடலில் கட்டியிருக்கிறார்.

தடித்த நூலும் ஊசியும் அனுப்பு. சட்டையில் பொத்தான்கள் இல்லை. ஊறுகாயும் வேண்டும். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்குவதில்லை.

தபால் வண்டி வரும் நேரம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கூடுகளை எடுத்து முதலாளி முன் வைப்போம். அன்றே முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வேலை நிலைத்தால் பெருநாளுக்கு வருகிறேன். போனால் அதற்கு முன்பே வருவேன். பெயிண்ட் மட்டும் அடிக்க மாட்டேன்.

உன்,
மெஹபூப் அலி