லமீஸின் ஹெல்மெட்டுக்குள் இருந்த குரல்

சைதா, வியாழக்கிழமை

அன்புள்ள நிஸாருக்கு,

உன் தங்கையின் மணிக்கட்டை உடைத்தது நீதான். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை நிதானமாக எழுதலாம் என்று எழுதிவிட்டேன். மற்றபடி இங்கே எல்லோரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், இறைவனுக்கு நன்றி. அங்கே உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கோபமாக இருக்கும் வேளையிலும் கேட்கிறேன். பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், பிள்ளைகள் வெளியே வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. நீ போனை எடுப்பதில்லை. நான் அனுப்புவதையெல்லாம் படிக்கிறாய், இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. தெருமுனை மெக்கானிக் ஷவ்கியின் மைத்துனன் இன்று சாயங்காலம் ஹாம்பர்க் விமானம் ஏறுகிறான், உனக்கு ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் ஜாத்தர் பொடியும் ஊறவைத்த கத்தரிக்காயும் கொண்டுவருகிறான், அதோடு இதுவும் வருகிறது. காகிதத்தில் நீலக் கோடு விழாது. தைரியமாகப் படி.

பதினோரு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வழக்கம்போல ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெண்களை வேனில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாசலில் நின்றிருந்தேன். தோட்டத்து பிக்கப் ஒன்று வந்து நின்றது, பின்னால் ஆரஞ்சுக் கூடைகளுக்கு நடுவில் லமீஸ் உட்கார்ந்திருந்தாள், வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு. கூட வந்தவர்கள் சிரியாக்காரத் தோட்டத் தொழிலாளிகள் இரண்டு பேர். நம் தெருவில் யாரும் சலாம் சொல்லாத ஆட்கள். அவர்கள்தான் பைக்கை அவள் மேலிருந்து தூக்கி, அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு இருபது நிமிடம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவளை உள்ளே கொண்டுபோனதும் அதில் ஒருவர் ஹெல்மெட்டை என் கையில் கொடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. லமீஸ், ஏதாவது சொல்லுடி, லமீஸ், கேக்குதா, லமீஸ். இருபது நிமிடமாகக் கத்திக் கத்திக் கம்மிப்போன குரல். நான் ஹெல்மெட்டை வாய்ப்பக்கம் கொண்டுபோய், நிஸார் என்றேன், ஒரே ஒரு சொல். இணைப்பு போய்விட்டது. அது தானாகப் போகவில்லை, நீ துண்டித்தாய். ஒரு தாய் தன் மகன் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் சத்தத்தைக்கூட அடையாளம் தெரிந்துகொள்வாள், அதை மறந்துவிடாதே.

கையில் இரண்டு எலும்பு, கம்பி வைத்திருக்கிறார்கள், விரல்கள் அசைகின்றன, பயப்பட ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே படிப்புக்காரி அல்லவா, தன் படத்தை டாக்டருக்கு முன்னால் தானே பார்த்துவிட்டு, ரெண்டு இடத்துல போயிருக்கும்மா, அழகான படம், பரீட்சையில இதைத்தான் கேப்பாங்க என்று சொன்னாள். எனக்கு அறைய வேண்டும்போல இருந்தது, முத்தமும் கொடுக்க வேண்டும்போல இருந்தது. மருந்து மயக்கத்தில்தான் மீதியைச் சொன்னாள். நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நான் கிளம்பியதும் உன் பைக்கை எடுத்துக்கொண்டு, ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் பின்னால் போட்டு முடிக்காமல் விட்ட சாலைக்குப் போயிருக்கிறாள். நான் கல்யாணமாகி வந்தபோது ஆரம்பித்த சாலை. மூன்று மந்திரிகள் ரிப்பன் வெட்டி, எந்த ஊருக்கும் போய்ச்சேராத சாலை. இந்த நாட்டில் பிள்ளைகளுக்கு என்று அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரே விளையாட்டுத் திடல் அதுதான். நீயும் முன்சக்கரத்தைத் தூக்கி ஒற்றைச் சக்கரத்தில் ஓட்ட அங்கேதான் கற்றாய். அதையே நீ ஹாம்பர்க்கில் இருந்துகொண்டு, போனோடு இணைத்த ஹெல்மெட் ஸ்பீக்கர் வழியாக அவள் காதில் சொல்லிக்கொடுத்திருக்கிறாய், முதல் கியர்ல போ, கிளட்சைப் பாதி விடு, கையால இழுக்காத, அதுவா எழும்பும், வானத்தைப் பாக்காத, ரோட்டோரத்தைப் பாரு, வலது கால் பின் பிரேக் மேலயே இருக்கட்டும், பின்னால சாயுதுன்னா அதுதான் உன் உயிரு. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். இந்த வேன்காரி அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பிரேக்கை யார் பார்த்தது? நீ போகும்போது, அம்மாவைத் தவிர யாரும் வண்டியைத் தொடக் கூடாது, ஷவ்கிகூடத் தொடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நான் உறையை நீக்கி, என்ஜினை ஓடவிட்டு, போனை சைலன்சர் பக்கம் பிடித்தேன், நீ அங்கே கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். எதிர் மாடியில் இருந்து, உங்க பையன் வந்துட்டானா என்று ஒவ்வொரு வாரமும் அதே கிண்டல். இந்தத் தெருவில் போன பையன்களின் வண்டிகள் எல்லாம் இப்படித்தான் உறை போர்த்திக்கொண்டு நிற்கின்றன, தாய்மார்கள் வாரம் ஒருமுறை சத்தம் கேட்டுக்கொள்கிறோம். சத்தம் வந்தால் போதும் எங்களுக்கு. லமீஸ் வீட்டில் எல்லாச் சாவியும் இருக்கும் இடத்தை அறிந்தவள், தெரிந்தே எடுத்தாள், அது அவள் தப்பு. பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் என் வேனுக்குப் பிரேக் ஆயில் மாற்றுகிற நான், உன் வண்டிக்கும் அது ஆகும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை, அது என் தப்பு. போன செவ்வாய்க்கிழமை உன் சத்தியத்தை உடைத்துவிட்டு ஷவ்கியைக் கூப்பிட்டேன். அவன் பின் பிரேக்கைக் காலால் அமுக்கினான், சேற்றில் மிதிப்பதுபோல அடிவரை போய்விட்டது. திறந்தால் உள்ளே ஆயில் கொதித்து ஆறிய தேநீர் நிறத்தில் இருந்தது. என்ஜினுக்கு வாராவாரம் சோறு ஊட்டிட்டு, பிரேக்கை மூணு வருஷம் பட்டினி போட்டிருக்கீங்களே அக்கா என்றான்.

உன் தப்பு வேறு. மூன்றாவது ஞாயிறே அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள், அண்ணே, பின் பிரேக் மெத்து மெத்துன்னு இருக்கு என்று. நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பழகிடும் என்றாய். வேறு பைக் ஓட்டிப் பார்க்காதவள், எல்லா வண்டியும் இப்படித்தான் என்று நம்பிவிட்டாள். அதுவரைக்கும் அரை ஆள் உயரம் எழும்பியதும் ஆக்ஸிலரேட்டரை மூடி இறக்கிக்கொண்டிருந்தவள், விழுந்த அன்றைக்குத்தான் முதல்தடவை முன்சக்கரத்தை முழுசாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறாள். நாற்பது மீட்டர் போயிருக்கிறாள் நிஸார். பின்னால் சாய்ந்தது, நீ சொன்னதை அப்படியே செய்தாள், மிதித்தாள், ஒன்றும் நடக்கவில்லை.

இனிமேல் எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்தத் தொழிலாளி பாவம், நல்ல எண்ணத்தில்தான், பொண்ணு விழுந்ததும் யாரோ ஒரு பையன் காதுல கதறிட்டே இருந்தாம்மா, நல்ல பையன்போல, அவனுக்கும் தகவல் சொல்லிடுங்க என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது உன் பெரியப்பா முனீர் காதுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் கீழ் வீட்டிலிருந்து ஏறி வந்தார். நான் காப்பி வைத்தேன், தொடவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், கேட்டது கிடைக்கும்வரை கோப்பையைத் தொட மாட்டார். யாரு அந்தப் பையன், பேரைச் சொல்லு என்றார். பையன் இல்ல பெரியப்பா, ரேடியோ என்றாள் இவள், கையில் கட்டோடு. ரேடியோ உன் பேரைச் சொல்லிக் கத்துமாடி என்றார். நல்ல ரேடியோ பெரியப்பா, ஊர்ல எல்லாரையும் அதுக்குத் தெரியும் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டேன், அவருக்கு வரவில்லை. காப்பி ஆறி ஆடை படிந்தது. எழுந்திருக்கும்போது சொன்னார், வருகிற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வருவேன், பெயர் வேண்டும், இல்லாவிட்டால் படிப்பு நின்றுவிடும், அவளுக்கு ஓர் இடம் பார்த்து முடித்துவிடுவேன், ஒத்துவராது என்றால் நீங்கள் மாடியைக் காலி செய்துகொள்ளலாம் என்று. நாம் குடியிருப்பது அவர் வீட்டு மாடி, உன் அப்பா போனதிலிருந்து. அதை அவர் இதுவரை சொல்லிக்காட்டியதில்லை, அன்றைக்குச் சொன்னார்.

உன் சித்தப்பா மகள் கல்யாண ஊர்வலத்தில் நீ கடற்கரைச் சாலை முழுக்க ஒற்றைச் சக்கரத்தில் போனாயே, இதே பெரியப்பா பால்கனியில் நின்று உன் மேல் ரோஜா இதழ் வீசினார், பெண்கள் குலவை இட்டு ஊரைக் கிழித்தார்கள். நீ கற்றுக்கொடுத்து அவர் மகன் தலால் இடுப்பை உடைத்துக்கொண்டபோதுகூட, யாருடைய குரல் அவன் காதில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, விதி என்றார்கள். பையன் உடைந்தால் விதி, பெண் உடைந்தால் விசாரணை. ஒரு பெண் கீழே விழுந்தால் எலும்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஆணைப் பற்றிக் கேட்கிற ஊர் இது, அதற்குத் தலைப்பாகை வேறு, தொழுகைப்பாய் வேறு. அவர் உன் கையைக் குர்ஆன் மேல் வைத்து, இனி ஓட்டவும் மாட்டேன், ஒருவருக்கும் கற்றுக்கொடுக்கவும் மாட்டேன் என்று சத்தியம் வாங்கித்தான் உன்னை அங்கே அனுப்ப ஏற்பாடு செய்தார் என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்பதும் தெரியும். நீ பெரியப்பாவுக்குப் பயப்படு, தப்பில்லை, நானும் பயப்படுகிறேன். பயந்துகொண்டே சொல்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவள் விடவில்லை. நீ சொன்னா மகளைக் காப்பாத்தக் கதை கட்டுறன்னு சொல்வார், அவன் சொன்னாத்தான் நம்புவார், அவனே சொல்வான்மா, கொஞ்சம் பொறு என்றாள். பதினோரு நாளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். உன் பெயரைச் சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும் காரியம், அண்ணன் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தான், அவ்வளவுதான், அதில் அவமானம் எங்கே இருக்கிறது? தலால் நேற்று தடியை ஊன்றிக்கொண்டு மாடி ஏறி வந்தான், இனிப்புப் பெட்டியோடு. எவ்வளவு தூரம் போனே என்று கேட்டான். நாற்பது என்றாள். நான் இருபதுலயே விழுந்தேன், என்னைவிட நீதான் தேறிட்டே என்று சிரித்தான். போகும்போது என்னிடம் மட்டும், சின்னம்மா, அந்தக் குரல் யாருன்னு எனக்குத் தெரியும், எனக்கும் அதே குரல்தான் சொல்லிக்கொடுத்துச்சு, ஆனா நான் சொல்றது முறையில்ல, அவனே சொல்லட்டும் என்றான். நொண்டி நடக்கிற அவன் உன்மேல் வைத்திருக்கிற மரியாதையைப் பார்த்தாயா?

எதற்கடி உனக்கு இது என்று நானும் அவளிடம் கேட்டேன். கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். முன்சக்கரம் எழும்பினதும் ரோடு மறைஞ்சிடும்மா, ரெண்டு நொடிக்கு எனக்கு முன்னால யாரும் இருக்க மாட்டாங்க, யாரும் எதுவும் சொல்லிட்டு நிக்க மாட்டாங்க என்றாள். பதினெட்டு வயதில் இந்த வேனை முதல்தடவை ஓட்டியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது, நான் அதை அவளிடம் சொல்லவில்லை. கை கூடிய பிறகு ஓட்டுவதா விடுவதா என்பது அவள் பாடு. ஷவ்கி பிரேக் ஆயில் மாற்றிவிட்டான், உடைந்த பின்பக்கத்தையும் ஒட்டித் தருகிறேன் என்றிருக்கிறான். இந்த வெள்ளிக்கிழமையில் இருந்து நான் போனைப் பிடிக்கப் போவதில்லை.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், அப்பாவின் கம்பளிக் கோட்டைப் பெட்டியிலேயே வைக்காமல் போட்டுக்கொள். பசியோடு வேலைக்குப் போகாதே. கத்தரிக்காய்ப் புட்டியைத் திறந்ததும் எண்ணெய் மூடும்படி பார்த்துக்கொள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். இறைவன் உன் கால் போகும் வழியைச் சீராக்கட்டும், உன் நாவுக்குத் துணிவு தரட்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெரியப்பா ஏறி வருவார், அதற்கு முன்னால் அவரிடம் பேசிவிடு.

உன் அம்மா,
ஹியாம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை உன்னைக் கூப்பிட்டேன். கடைசிவரை அடித்து நின்றது. லமீஸ் எதிரே உட்கார்ந்து இடது கையால் பாடம் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள், நிமிராமலே, எடுத்தானாம்மா என்றாள். வேலையில் இருப்பான் என்று உனக்காக ஒரு பொய் சொன்னேன், இனிமேல் சொல்ல மாட்டேன். இப்போது அவளே கூப்பிடுகிறாள், இதை எழுதும்போது பக்கத்தில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது. போனை எடு, நிஸார்.