லெயோன்ஸ் வைத்துப்போன வெறும் பாட்டில்கள்

செப்டம்பர் 9

திராட்சை வண்டிகள் விடியற்காலையிலிருந்து வாசலில் ஓடுகின்றன. என் வீட்டுக்காரர் லெயோன்ஸ் போய்ச் சேர்ந்து இன்றோடு ஏழு வாரம். போன் மட்டும் இன்னும் அவரைத்தான் கேட்கிறது. திஜோன் நகரத்துப் பெரிய உணவகத்தில் முப்பத்தொரு வருஷம் ஒயின் நிலவறையைப் பார்த்துக்கொண்டவர். ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இங்கேதான் மணி அடிக்கும்.

இன்று ரொட்டிக்கடைக்காரர் மகள். "சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜுல வைக்கலாமா அத்தை?"

"ஊத்துறதுக்கு அரை மணி முன்னாடி வை. அதுக்கு மேல வேணாம்."

அவர் சொல்லிக் காதில் விழுந்ததுதான். நான் பதினாலு வயதில் படிப்பை விட்டு, ஓட்டல் துணி துவைத்துப் பிழைத்தவள். எனக்கென்ன தெரியும்? முக்கியமான எதையும் அவர் என்னிடம் சொன்னதுமில்லை. "உன்கிட்ட சொன்னா சனிக்கிழமை சந்தைக்கே தெரிஞ்சிடும்" என்பார்.

செப்டம்பர் 12

ஒருவர் வந்தார். மிசியே வல்கூர். சாம்பல் நிறக் கோட்டு, நல்ல ஷூ. துக்கம் விசாரித்துவிட்டு, "நிலவறையில பழைய வெறும் பாட்டில் இருக்காமே மதாம்?" என்றார்.

இருக்கிறது. தொண்ணூற்று மூன்று. உணவகத்தில் விலை உயர்ந்த ஒயின் யாராவது குடித்தால், அந்த வெறும் பாட்டிலைத் தக்கையோடு லெயோன்ஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாக நிற்கவைப்பார். இது ரெண்டு கிழட்டு அக்கா தங்கச்சி அவங்கம்மா செத்த அன்னிக்குக் குடிச்சது, இது ஒரு கல்யாணம் நின்னுபோன அன்னிக்கு – ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்தார்.

வல்கூருக்கு விடுதி ஒன்றை அலங்கரிக்க வேண்டுமாம். சரி, அலங்காரத்துக்கு எது நின்றால் என்ன? இவர் கேட்டது எட்டே எட்டு. வருஷத்தோடு சொல்லிக் கேட்டார். தக்கையும் வேண்டுமாம். லேபிள் நனையக் கூடாதாம். ஒரு பாட்டிலுக்கு முந்நூறு யூரோ.

"வெறும் பாட்டிலுக்கா?"

"உங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒத்துக்கிட்டார் மதாம். அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அலங்காரத்துக்குத் தக்கை எதற்கு?

செப்டம்பர் 13

ஒத்துக்கிட்டாராம். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

செப்டம்பர் 20

கொழுந்தன் எத்தியேன் சாப்பிட வந்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணி, இது கூடவா தெரியாது? மலிவு ஒயினை அதுக்குள்ள ஊத்தி, பழைய தக்கையை அடிச்சு, பணக்காரன் தலையில கட்டுவானுங்க. பாட்டில் நிஜம், லேபிள் நிஜம். உள்ள இருக்கிறதுதான் பொய். வாங்குறவனும் திறக்கமாட்டான், பத்து வருஷம் படுக்கப்போட்டு வச்சிருப்பான்."

"அப்போ அந்த ஆளு திருடன்."

"அவன் இருக்கட்டும். அண்ணன் எதுக்கு அம்புட்டையும் வீட்டுக்குச் சுமந்துக்கிட்டு வந்தாரு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவன் சாப்பிட்டு முடிக்கும் முன்பே தட்டை எடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 28

அவருடைய கறுப்புக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொடுக்க எடுத்தேன். உள்பையில் வல்கூர் பெயர் அச்சடித்த முகவரிச் சீட்டு. பின்னால் லெயோன்ஸ் கையெழுத்தில் போன வருஷத்துத் தேதி: ஜூன் 14.

அப்படியானால் பேசியிருக்கிறார்.

போன கோடையில்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. ஞாயிறு சாப்பிட்டதும் நிலவறைக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே ஏதோ இயந்திரம் 'ங்ங்' என்று இரையும். மேலே வரும்போது சட்டைக் கையில் வெள்ளைப் பொடி. என்ன செய்றீங்க என்று கேட்டால், அலமாரியைச் சரி பண்றேன் என்பார். இன்று போய்ப் பார்த்தேன். அலமாரி எப்போதும்போல ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. கருவிப்பெட்டியில் துளைபோடும் இயந்திரம், பென்சில் மாதிரி மெல்லிய முனைகள், ஒரு தண்ணீர்க் கிண்ணம்.

விற்பதற்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தாரா? வேறென்ன?

அக்டோபர் 5

ஞாயிறு. கல்லறைக்குப் போகவில்லை.

அக்டோபர் 12

இன்றும் போகவில்லை. போய் அந்தக் கல்லைப் பார்த்து என்ன பேச? நாப்பத்திரண்டு வருஷம் ஒரே படுக்கை. கடையில் மீதிச் சில்லறை கூடுதலா வந்தாலும் திரும்ப நடந்து போய்க் கொடுத்த மனுஷன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சேனே. எல்லாம் வேஷமாய்யா?

போன். யாரோ ஒருவர், திறந்த ஒயின் எத்தனை நாள் தாங்கும் என்றார். தெரியாது என்று வைத்துவிட்டேன். தெரியும். மூன்று நாள்.

அக்டோபர் 23

வல்கூரை நானே கூப்பிட்டேன். நவம்பர் மூன்றாம் தேதி வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அவரே பேசி வைத்ததுதானே, எனக்கு மட்டும் எதற்கு மானம்?

நவம்பர் 1

எல்லாப் புனிதர் திருநாள். இன்றைக்கும் போகாவிட்டால் ஊர் பேசும். எல்லோரும் சாமந்தித் தொட்டியோடு போனார்கள். நான் தோட்டத்தில் மிஞ்சியிருந்த டாலியாவைப் பறித்துக்கொண்டு, கோபத்தில் நிலவறைக்குப் போய், இருப்பதிலேயே பழைய பாட்டிலை எடுத்துக்கொண்டேன். வல்கூர் கேட்ட எட்டில் அது ஒன்று. இந்தாங்க, உங்க சொத்தை நீங்களே வச்சுக்கோங்க.

கல்லறைத் தோட்டத்துக் குழாயில் பாட்டிலை நிரப்பிப் பூவைச் செருகிவிட்டு நிமிர்ந்தால் தண்ணீர் பாதி இல்லை. மறுபடி நிரப்பினேன். மறுபடி இறங்கியது. கல்லெல்லாம் ஈரம்.

பக்கத்துக் கல்லறையைத் துடைத்துக்கொண்டிருந்த மதலேன் எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் புருஷன் செத்தும் குடிக்கிறாரா?"

பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தேன். அடியில் உள்வாங்கிய குழிக்குள்ளே பருப்பு அளவுக்கு ஓர் ஓட்டை. உடைந்தது இல்லை. வட்டமாக, வழவழப்பாக, வேண்டுமென்றே போட்டது.

"ஓட்டையாடி?"

"பழசு. கீறியிருக்கும்" என்றேன். ஓட்டை தெரியாமல் பாட்டிலை நிமிர்த்திக் கல்மேல் வைத்தேன்.

நவம்பர் 2

தொண்ணூற்று இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றின் அடியிலும் அதே ஓட்டை, ஒன்று பாக்கியில்லை. இனி எவனும் இதில் ஒயின் ஊற்றி ஏமாற்ற முடியாது.

உடைக்க மனசு வரவில்லை அவருக்கு. விற்கவும் இல்லை. அந்த ஆளிடம் சீட்டை வாங்கிக்கொண்டு நேரே வந்து கீழே உட்கார்ந்து, ஞாயிறு ஞாயிறாக ஒவ்வொன்றாக ஓட்டை போட்டு... அறுபத்தெட்டு வயசுல, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு. எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் சந்தையில் சொல்லியிருப்பேன். வல்கூர் காதுக்குப் போயிருக்கும், வேறு வழி பார்த்திருப்பான்.

நாலு ஞாயிறு போகாம இருந்துட்டேனே.

நவம்பர் 3

வந்தார். வல்கூர் மெல்லிய தாளும் மரப்பெட்டியும் கொண்டுவந்திருந்தார். ஏழு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன், தக்கையோடு. "எட்டாவது?" என்றார். "அவரே வச்சிக்கிட்டார்" என்றேன்.

லேபிளைத் தடவிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பினார். அடுத்ததைத் திருப்பினார். நாலாவதோடு நிறுத்திவிட்டார்.

"இதை யார் செஞ்சது மதாம்?"

"எங்க வீட்டுக்காரர்தான். உங்ககிட்ட ஒத்துக்கிட்டாரே, சொல்லலையா?"

காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

நவம்பர் 8

மெழுகுவர்த்தியை உருக்கிக் கல்லறைப் பாட்டிலின் ஓட்டையை அடைத்தேன். அது ஒன்றை மட்டும். தண்ணீர் நிற்கிறது.

அங்கிருந்து சந்தைக்குப் போனேன். சனிக்கிழமைக் கூட்டம். மதலேன், மீன்காரி, எத்தியேன் பெண்டாட்டி எல்லோரும் இருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

ஒன்றுமில்லை என்றேன்.