ஆட்டம் தெரியாத மாப்பிள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

இல்லை, அவருக்குச் சதுரங்கம் தெரியாது. குதிரை எப்படிப் போகும் என்றுகூடத் தெரியாது.

"மாப்பிள்ளை செஸ் ஆடுவாரான்னு அப்பா கேக்கறாருடி" என்று அம்மா போனில் சொன்னபோது அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். இரண்டு வருடத்தில் நீங்கள் எங்களைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. அதனால் உடனே எழுதுகிறேன்.

உங்கள் ஆல்பத்தை நான் மறக்கவில்லை. தாடி வைத்த முதல் உலக சாம்பியனில் தொடங்கி, யூத ஆட்டக்காரர்கள் இருக்கும் தபால் தலைகள் மட்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இடுக்கியால் எடுத்துக் காட்டி, "இந்த மூளை வேற யாருக்குய்யா வரும்?" என்பீர்கள். நான் ஒரு யூதரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்று, "வெளிய போ" என்றீர்கள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். உங்கள் கேள்வியைக் கேட்டுச் சிரித்தார். "ஒரு வாரம் குடு, கத்துக்கறேன். உங்கப்பாகிட்ட தோத்தாவது நல்ல பேரு வாங்கறேன்" என்றார். வேண்டாம் என்றேன். அவர் ஆடினால்தான் கதவு திறக்கும் என்றால் நான் அந்தப் பக்கமே வரவில்லை. குறட்டை விடுகிற, எனக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிற இந்த மனிதரை, இப்படியே, உள்ளே வாங்க என்று கூப்பிட முடியுமா அப்பா?

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. வெள்ளிக்கிழமை ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உங்கள் மகள்