ஏழுக்கு ஏழு மெத்தையும் வடக்குச் சுவரும்

5 ஜூலை, சனி

மெத்தை வந்துவிட்டது! பிரிக்ஃபீல்ட்ஸில் மூடப்போகும் ஒரு ஹோட்டலில் மலிவு விற்பனை. ஏழடிக்கு ஏழடி. லோரியிலிருந்து இறக்கும்போதே எங்கள் தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்தாச்சு. பக்கத்து வீட்டு பவுனம்மாள் கேட்டாள்: "என்ன புனிதா, கல்யாண மண்டபத்துக்கா?"

எல்லாம் பழைய கட்டில் செய்த வேலை. போன மாதம் சும்மா உட்கார்ந்து வளையல் கழற்றினேன் — மடார்! நடுச்சட்டம் இரண்டு துண்டு. பட்டப்பகல். என் வீட்டுக்காரர் சிவநேசனும் அறையில்தான் இருந்தார், காற்றாடி துடைத்துக்கொண்டு. அந்தச் சத்தத்தை வைத்துப் பவுனம்மாள் எங்கள் கிள்ளான் ஊர் முழுக்க என்ன கதை பரப்பினாள் என்று எனக்குத் தெரியும். நான் மறுக்கவில்லை. இந்த வயதில் அதுவும் ஒரு பெருமைதானே!

6 ஜூலை, ஞாயிறு

மெத்தை தரையில். நான் உருண்டு எழுந்துவிடுவேன். அவருக்கு முட்டி வலி, தரையிலிருந்து எழ முடியாது. கட்டில் உடைந்த நாளிலிருந்து மனுஷன் ஹால் சோபாவில்தான்.

"எனக்கு சோபாவே போதும் லா" என்கிறார்.

அந்தப் 'போதும்' எனக்குப் பிடிக்கலை. முப்பது வருஷம் அந்தக் குறட்டையைத் திட்டினேன். இப்போ அறை அமைதியா இருக்கு, தூக்கம் வரமாட்டேங்குது. என்ன அநியாயம் இது? காஜாங்கில் இருக்கிற என் தோழி உஷாராணி வீட்டுக்காரரும் "ஒரு வாரம்"னுதான் அடுத்த அறைக்குப் போனார். இப்போ அங்கே தனி டிவி, டீ போடத் தனி கெட்டில்.

கட்டில் வாங்கியே ஆகணும். யானை ஏறினாலும் தாங்குற மாதிரி. யானை யாருன்னு கேட்கக்கூடாது.

12 ஜூலை, சனி

சுங்கை பூலோவில் மரச்சாமான் கடை. முதலாளி ஜெய்னுதீன், நாற்பது வயது இருக்கும். ஒவ்வொரு கட்டிலிலும் உட்கார்ந்து பார்த்தேன்.

"ஆன்டி, குதிக்காதீங்க லா!"

"நான் குதிக்கலை. உட்கார்ந்தேன்."

சிவநேசன் அந்தப் பக்கம் திரும்பி அலமாரி பார்த்தார். தோள் குலுங்கியதே, எனக்குத் தெரியாதா?

கடைசியில் ரப்பர் மரக் கட்டில். நடுவில் இரும்புச் சட்டம், அதற்கு மூன்று கால், என் உயரத்துக்குத் தலைமாட்டுப் பலகை. நம் அளவுக்கே செய்து தருவாராம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், மகள் அதே மரத்தில் புரளப் போகிறாள்! ஜெய்னுதீனையும் இழுத்து, மூன்று பேராக மாதிரிக் கட்டிலில் ஏறி நின்றோம். முனகவே இல்லை.

"கேரண்டி, ஆன்டி."

ஆன்டியாம். கட்டிலுக்காக மன்னித்தேன்.

18 ஜூலை, வெள்ளி

நாளைக்கு வருது! வாசலை அளந்தாச்சு, அறையை அளந்தாச்சு. இந்த அளவுக்கு விரிப்பு எங்கேயும் இல்லை. இரண்டைச் சேர்த்துத் தைத்தேன்.

19 ஜூலை, சனி

எல்லாத்தையும் அளந்தேன். திசையை யோசிக்கலை.

ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் சுவரோடு கட்டிய அலமாரி. அவ்வளவு பெரிய பலகை நிற்க வடக்குச் சுவர்தான் மிச்சம்.

கட்டிலைப் பூட்டி முடித்ததும் சிவநேசன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வந்தாரே! ஜன்னலைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார்.

"வடக்கே தலை வைக்கிறதா? பொணத்தைத்தான் அப்படிக் கிடத்துவாங்க."

"அப்போ தெற்கே வைங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த வடக்குச் சுவருக்குப் பின்னால் சாமி அறை. சாமியை நோக்கிக் கால் நீட்ட எனக்கு மனசு வரலை.

"பார்த்தியா?" என்றார். தலையணையோடு ஹாலுக்குத் திரும்பிப் போயிட்டார்.

தைப்பூசத்துக்கே வராத மனுஷன்! இன்னிக்குன்னு பார்த்து சாஸ்திரம் வந்துருச்சு. நான் ஒண்ணும் அழலை. கண்ணில் மரத்தூள்.

20 ஜூலை, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுவிட்டு, கோபத்தில் கட்டிலில் குறுக்காக விழுந்தேன். மொத்த மெத்தையும் எனக்கே, பார்த்து வயிறெரியட்டும்!

விழித்தால் காதோரம் சரக்கு ரயில். பக்கத்தில் அவர். என்னைப்போலவே குறுக்காக, கிழக்கே தலை. தலையணையும் வந்திருக்கிறது. உலுக்கினேன்.

"ஏங்க, என்ன இது?"

"ஏழுக்கு ஏழுதானே. எந்தப் பக்கம் படுத்தா என்ன?" கண்ணைத் திறக்கவில்லை. "தள்ளிப் படு."

இவ்வளவு இடம் கிடக்கு, தள்ளிப் படணுமாம். தள்ளவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

பவுனம்மாள் கட்டில் பார்க்க வந்தாள். "இவ்வளவு பெரிய பலகை எதுக்குடி?" என்றாள்.

அதில்தான் அவர் துண்டு காய்கிறது.