விஜியின் வலது கை

மடுல்சீமை
14.09.2025

கதிர்காமக் கந்தன் துணை

அன்புள்ள விஜிக்கு,

நானும் பிள்ளை துஷாந்தினியும் சுகமாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம் போலக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்தத் தடவை என்னால் முடியவில்லை. அதனால்தான் கடிதம். குவைத்தில் நீ வேலை செய்யும் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உனக்குப் போனைத் தருகிறார்கள், அதையும் வீட்டுக்கார அம்மா பக்கத்தில் நிற்கும்போதுதான். "நல்லா இருக்கேங்க, புள்ளைய பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாய்.

துஷாந்தினி பசறைக்கு வகுப்புக்குப் போய் வருகிறாள். பஸ் வராத நாளில் பாதி வழி நடை. உன் சிவப்புக் குடை அவளிடம்தான் இருக்கிறது. மழையில் நம் லயத்து வீட்டின் பின்சுவர் நனைகிறது என்று கூரைத் தகரம் இரண்டை மாற்றினேன்.

போனில் அரையும் குறையுமாகச் சொன்ன கம்பி மிஷின் கதையை இப்போது முழுதாக எழுதுகிறேன். மே மாதம் ரெங்கம்மா அக்கா ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்தார். முழங்கால் விலகிவிட்டது. மூட்டையை முதுகில் சுமக்காமல் உச்சியிலிருந்து ரோட்டுக்குக் கம்பியில் இறக்கினால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. நிறைந்த மூட்டை இறங்கும் பாரமே கீழே கிடக்கும் வெறும் சாக்கை மேலே இழுத்துக்கொள்ளும். கரண்ட் வேண்டாம், எண்ணெய் வேண்டாம்.

என் பழக்கம் உனக்குத் தெரியும். நான் பேப்பரில் படம் கீற மாட்டேன். கண்ணை மூடி, மிஷினை மனசுக்குள்ளேயே துண்டு துண்டாகப் பூட்டி ஓடவிடுவேன். பத்து நாள் ஓடிய பிறகு கழற்றி, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். தேயிலை பேக்டரியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பிறகு இரும்பில் செய்யும்போது அதே இடம்தான் தேயும். ஒரு தடவையும் தப்பியதில்லை.

மனசுக்குள் ஓடவிடுவதற்கும் ஓர் ஆள் வேண்டும். உன் உயரமும் நடையும் கையும் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் உன்னையே கொண்டுவந்து நிறுத்தினேன். முதலில் நீ நீயாகவே இருந்தாய். தலையில் துணி, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு. "இந்தக் கொக்கி ஒங்க ஒசரத்துக்குச் செஞ்சதா, எனக்கா?" என்று கேட்டாய். ஒரு சாண் இறக்கி வைத்தேன். ஏன் தனியாகச் சிரிக்கிறீர்கள் என்று பிள்ளை கேட்டாள்.

ஆடி இரண்டாம் வெள்ளிக்கு மறுநாள், பேக்டரியில் தேத்தண்ணி நேரம். கண்ணை மூடினேன். நீ வந்தாய். நான் உன் உடம்பில் ஒருபோதும் பார்க்காத உடுப்பு, சாம்பல் நிறத்தில் கால்வரை நீண்ட அங்கி. இடது கையால் மட்டும் கொக்கியைப் பிடித்தாய். வலது கை அந்த அங்கியின் நீளக் கைக்குள்ளேயே இருந்தது. பிரேக்கைப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால் மூட்டை தறிகெட்டு ஓடி ரோட்டில் சிதறியது.

என் மனசுதானே என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அங்கே நான் சொன்னால் மழை நிற்கும், இரும்புச் சக்கரம் மரமாகும். உன் கை மட்டும் வெளியே வரவில்லை. உனக்குப் பதிலாக ரெங்கம்மா அக்காவை நிறுத்திப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் ஒழுங்காகச் செய்தார். கீழே பார்த்தால் ரோட்டோரத்தில் நீ தனியாக நிற்கிறாய். நான் அங்கே யாரையும் நிறுத்தவில்லை. "கையக் காட்டு விஜி" என்றேன். "வேல கெடக்குங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். கண்ணைத் திறந்துவிட்டேன். நீ இப்போது போனில் பேசுகிற அதே குரல்.

இருபது நாள் இப்படியே போனது. கடைசியில் உன்னைத் திருத்துவதை விட்டுவிட்டு மிஷினைத் திருத்தினேன். பிரேக்கைக் காலால் மிதிக்கும்படி வைத்தேன். மூட்டையைத் தள்ளினால் தானே பூட்டிக்கொள்ளும் கொக்கி செய்தேன். அன்றைக்கு மனசுக்குள் மூட்டை ஒரு சிதறலும் இல்லாமல் இறங்கியது. நீ சிரிக்கவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டாய்.

அதையே இரண்டு சைக்கிள் ரிம்மும் பழைய மோட்டார் சைக்கிள் பிரேக்கும் வைத்துக் கட்டி, போன புதன் ஏழாம் மலையில் ஓட்டிக் காட்டினேன். தோட்டத்துத் துரையும் வந்திருந்தார். ரெங்கம்மா அக்கா ஒரு கையில் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூட்டையை மாட்டி அனுப்பினார். "தம்பி, இனிமே என்னைய வீட்டுல ஒக்காருன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒற்றைக் கையால் ஓட்டும்படி செய்ய எப்படி யோசித்தாய் என்று துரை கேட்டார். தோணிச்சுங்க என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் போய்த் தேயிலைச் செடி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிள்ளையின் போனை வாங்கிப் பார்த்தேன். முன்பெல்லாம் நீ எழுதி அனுப்பியிருக்கிறாய், அவளுடைய எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தியிருக்கிறாய். ஆடி இரண்டாம் வெள்ளிக்குப் பிறகு ஓர் எழுத்தும் இல்லை. எல்லாம் குரல் மெசேஜ். வீடியோவில் வரச் சொன்னால் கேமரா உடைந்துவிட்டது என்றாயாம். "அம்மாவுக்கு டைப் பண்ண நேரமில்லப்பா" என்கிறாள். போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.

மிஷின் முடிந்துவிட்டது, இனி ஓடவிட எதுவும் இல்லை. ஆனாலும் கண்ணை மூடினால் நீ அந்த உச்சியில் நிற்கிறாய்.

பசறை பலீல் அண்ணன் குவைத்தில்தான் டிரைவர் வேலை பார்க்கிறார். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திரும்புகிறார். காலையில் குப்பை போட நீ வாசல் கேட்டுக்கு வருவாய் என்று முன்பு சொன்னதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். இதை உன்னிடம் மட்டும்தான் கொடுப்பார். இன்னொன்றும் அவரிடம் கேட்டுக்கொண்டேன், கோபப்படாதே. எந்தக் கையை நீட்டி நீ இதை வாங்கினாய் என்று பார்த்து, உடனே எனக்குச் சொல்ல வேண்டும் என்று. இந்த வரிக்கு நீ வரும்போது அவர் சொல்லியிருப்பார். எனக்குத் தெரிந்திருக்கும்.

அதனால் நீ எதையும் மறைக்க வேண்டாம். என்ன நடந்தது, யார் செய்தது என்று பதில் எழுதவும் வேண்டாம். வந்துவிடு. பலீல் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நம் நாட்டுத் தூதரகத்துக்கு அவர் கூட்டிப் போவார். அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளை இடது கைக்கு வாகாக மாற்றிவிட்டேன். தண்ணீர்க் குழாயின் பிடியையும் மாற்றிவிட்டேன். நான் கண்டது பொய்யென்றால் நீ பக்கத்தில் நின்று திட்டத் திட்ட இரண்டையும் பழையபடி திருப்பி வைக்கிறேன். அப்படித் திட்டு வாங்க வேண்டும் என்றுதான் கந்தனிடம் தினமும் கேட்கிறேன்.

உன் வழி பார்த்திருக்கும்,
ரஜீவ்