புறா காட்டி ஊட்டிய சோறு

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் மூன்று வேளையும் ஜன்னல்தான். குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு "புறா எங்க?" என்றால் வாய் தானாகத் திறக்கிறது. மூடுவதற்குள் ஒரு உருண்டை. ஒன்றரை வயதுப் பெண்ணைச் சாப்பிட வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வித்தை.

எங்கள் பிளாக்குக்கும் எதிர் பிளாக்குக்கும் நடுவே கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல ஒரு சந்து. ஏ.சி. பெட்டிகள், குழாய்கள், எல்லாவற்றின் மேலும் புறாக்கள். எதிர் ஜன்னல் அக்கா தானியம் தூவினால் மொத்தக் கூட்டமும் இறங்கும். முன்பெல்லாம் காலையில் மட்டும் தூவுவார்கள். குட்டி சாப்பிடுவதைப் பார்த்த பிறகு மதியமும் சாயங்காலமும். "இன்னும் போடவா?" என்று கையால் கேட்பார்கள். நான் தலையாட்டுவேன். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது, ஒரு வார்த்தை பேசியதில்லை. பெயர்கூடத் தெரியாது.

ஆனால் இன்று நான் கண் பார்த்துத் தலையாட்டிய பெரிய மனுஷி அவர்கள் ஒருவர்தான். இவர் இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்குகிறார். பகல் முழுக்க நானும் குட்டியும் பூனை மாதிரி நடக்கிறோம். குக்கர் விசில் அடித்தால்கூட எனக்குத் திக்கென்கிறது.

ஜூன் 5

குட்டிக்கு இருமல் இன்னும் நிற்கவில்லை. மருந்துப் பாட்டில் காலி.

ஜூன் 9, திங்கள்

எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தக் குளிர்ந்த பலகையில் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றது — எழுத வேண்டாம்.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "வீட்டுல புறா இருக்கா?" என்றார்.

"வளர்க்கல டாக்டர்."

"வளர்க்கறீங்களான்னு கேக்கலம்மா. இருக்கான்னு கேட்டேன்."

எச்சம் காய்ந்து தூளாகும். இறகுத் தூசியோடு சேர்ந்து மூச்சில் போகும். சிலர் உடம்பு அதை ஏற்காது. நாள்பட்டால் நுரையீரல் தழும்பாகிவிடும், தழும்பு ஆறாது. குட்டிக்கு இன்னும் அந்த அளவுக்குப் போகவில்லை. "ஜன்னல் பக்கம் போவாளா?"

"எப்பவாவது" என்றேன்.

எப்பவாவது. வேளை தவறாமல் தூக்கிக்கொண்டு போனவள் நான். கல்லூரியில் மூன்று வருடம் விலங்கியல். புறாவின் சிறகை வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கியவள். அந்தச் சிறகிலிருந்து உதிர்வது எங்கே போகும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

ஜூன் 10

"நேரா போய்ச் சொல்லிடு" என்றார் இவர், ஒரு கண் மூடியபடி.

"ஒரு தடவகூடப் பேசினதில்லைங்க. முதல் பேச்சே இதுவா?"

"அப்ப அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட சொல்லு." அடுத்த கண்ணும் மூடிவிட்டது.

என் குழந்தை சாப்பிட வேண்டும் என்று தூவிய கை. அந்தக் கையிடம் போய் எதைச் சொல்வது? செக்ரட்டரிக்குத்தான் போன் செய்தேன். "உங்க பேரு வெளிய வராதும்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

ஜூன் 12

குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் செக்ரட்டரி போட்ட செய்தி: 'நான்காம் மாடிக் குழந்தைக்கு மூச்சு நோய். புறாவுக்குத் தீனி போடுகிறவர்கள் உடனே நிறுத்தவும்.'

நான்காம் மாடியில் குழந்தை எத்தனை இருக்கிறது? பேர் வெளியே வரவில்லையாம்.

மதியம் எதிர் ஜன்னல் சாத்தியிருந்தது. சாயங்காலமும்.

ஜூன் 14, சனி

புறா வராமலிருக்கச் சந்துக்கு வலை போட இருவர் வந்தார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டே எச்சத்தைச் சுரண்டினார்கள், மூட்டை மூட்டையாக வந்தது. குட்டியைப் பின் அறையில் வைத்துக் கதவிடுக்கில் துணி அடைத்தேன். ஒருவன் ஜன்னலைத் தட்டி, "அக்கா, இந்தக் கூட்டுல முட்டை இருக்கு. என்ன பண்ண?" என்றான்.

நான் உள்ளே போய்விட்டேன். அதுவும் ஒரு பதில்தான்.

ஜூன் 16

சோற்றைத் துப்புகிறாள். வலையைக் காட்டி, "பூ... பூ..." என்கிறாள். புறாவைத்தான்.

ஜூன் 19, வியாழன்

நேற்று குட்டி இருமாமல் தூங்கினாள். இரண்டு தரம் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன், மூச்சு வருகிறதா என்று. நல்ல செய்தியைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? இவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இருமல். ஓடிப் பார்த்தால் குட்டி பொம்மையோடு உட்கார்ந்திருக்கிறாள். மறுபடியும் இருமல் — எதிர் ஜன்னலுக்குள்ளிருந்து. வறட்டு இருமல், அடுக்கடுக்காக, கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. அந்த இருமலை எனக்குத் தெரியும். ஒரு மாதம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை நான் செக்ரட்டரிக்குச் சொன்னேன். தினமும் அதன் நடுவே நின்ற அக்காவுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 20

போனேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர் பிளாக்குக்கு. முதலில் தப்பான கதவு. எங்கள் பக்கத்து இடது அவர்கள் பக்கம் வலதாகிவிடும் என்றுகூடத் தோன்றவில்லை. அடுத்த கதவை அக்காதான் திறந்தார்கள். ஜன்னலில் பாதி ஆளைத்தான் பார்த்திருக்கிறேன், இவ்வளவு ஒல்லி என்று தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் குட்டி, "பூ" என்றாள்.

"பூ எல்லாம் போயாச்சுடி தங்கம். உங்கம்மா வெரட்டி விட்டுட்டா."

நான் குட்டியை மறு இடுப்புக்கு மாற்றினேன். "என்கிட்ட ஒரு கை காட்டியிருந்தா ஜன்னலச் சாத்தியிருப்பேனேம்மா. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு எனக்குச் சொல்லல பாரு" என்றார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

"தப்புதான்க்கா. உங்களுக்கு எத்தன நாளா இருமல்?"

"அது கெடக்கு. என் மகன் வெளியூருக்கு வேலைக்குப் போனப்பலேருந்து."

உட்காரச் சொன்னார்கள். ஜன்னல் வழியே என் வீடு தெரிந்தது. கொடியில் துணி, மேசையில் எச்சில் கிண்ணம். வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக வாழ்கிறவள் வீடு மாதிரிதான் இருக்கிறது.

"உங்க பிளாக் வர்றதுக்கு முன்னால அங்க பூரா மரம். மைனா வரும், கிளி வரும், குயில் வரும். மரத்த வெட்டினாங்க, எல்லாம் போச்சு. புறா மட்டும் சிமெண்டுன்னாலும் சரின்னு வந்துச்சு. வர்றதுக்குத்தானே போட முடியும்?"

என் சமையலறை இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு கிளை இருந்திருக்கும்.

ஜூன் 27, வெள்ளி

குட்டியைப் பார்த்த அதே டாக்டர் அக்காவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார். குட்டியோடு நானும் கூடப் போனேன். வாசலில் அக்கா அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். மேல் மாடி விளிம்பு நெடுக வரிசையாகப் புறா.

"நமக்கு முன்னாடியே வந்து டோக்கன் போட்டுடுச்சுங்க பாரு."

சிரித்ததில் இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குட்டியின் முகத்தை என் சேலையில் பொத்திக்கொண்டு வேறு வாசல் வழியாக ஓடினேன்.

ஸ்கேன் முடிவு சாயங்காலம் வந்தது. தழும்பு விழுந்திருக்கிறது. இனி பரவாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார்கள். தாமதம் பல வருடத் தாமதம். நான் சொல்லாமல் விட்ட பத்து நாளால் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டரே சொன்னார். இருந்தாலும்.

ஜூலை 6, ஞாயிறு

அக்காவின் ஜன்னல் மறுபடி திறந்திருக்கிறது. நடுவே பச்சை வலை. புறா இல்லாத சந்து கிணறு மாதிரி அமைதியாக இருக்கிறது. நிறையப் பேசினால் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. போன் நம்பர் இருக்கிறது, பெயர் தெரியும், வீடு தெரியும். ஆனாலும் மறுபடி கை ஜாடைதான்.

மதியம் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்கள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைக்கப் போனார்கள். தனியாளுக்கு அவ்வளவுதான் இறங்கும் போல. குட்டி "ஆ" என்று வாயைத் திறந்து காட்டினாள். அக்கா ஒரு உருண்டை போட்டுக்கொண்டார்கள். நான் இவளுக்கு ஒன்று கொடுத்தேன். மறுபடி அங்கே ஒன்று. இங்கே ஒன்று.

பாதித் தட்டு காலியானதும் நான் கையால் கேட்டேன்: இன்னும் கொஞ்சம்?

அக்கா தலையாட்டினார்கள்.